முப்பது குளிசைகள்

என் கூடப்பிறந்த ராத்தா சபூறா, தன்னுடைய சிறுநீரகம் பழுதான செய்தியை எனக்கு மூன்றாவது செய்தியாகத்தான் சொன்னாள். முதல் செய்தி, சவூதிக்குப் போன யாரோ ஒருத்தியின் பெட்டிக்குள் ஊறுகாய்ப் போத்தல் வெடித்து உடுப்பெல்லாம் நாசமாகிவிட்டது; அந்தப் பெட்டியைக் கட்டியது தான் இல்லை என்பதை நான் நாலு பேருக்குச் சொல்லவேண்டும். இரண்டாவது, கிளினிக்கில் இந்த மாதம் உட்காரக் கதிரை கிடைத்தது. மூன்றாவதைச் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"எண்ட கிட்னி ரெண்டும் சரியா வேல செய்யல்லயாம் புள்ள. கிட்னி டொக்டருக்கிட்டக் காட்டட்டாம்."

நான் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிற பஸ்மிலா டீச்சர் நான். சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையிலிருந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். கிளினிக் டொக்டர் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். முப்பத்தொன்று. நூறு வேலை செய்யவேண்டிய இடத்தில் முப்பத்தொன்றுதான் நடக்கிறதாம். எங்கள் பிள்ளைகளுக்கே முப்பத்தைந்துக்குக் கீழே போனால் பெயில். எனக்கு வாயடைத்துப் போனது, அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும். இண்டைக்குத்தானே சொன்னாங்க. தேத்தண்ணி ஊத்தட்டா?"

கல்முனைக்குடியில் சபூறா என்றால் ஆள் யாரென்று கேட்பார்கள். பார்சல் சபூறா என்றால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவந்து விடுவார்கள். எங்கள் ஒழுங்கையிலிருந்து கட்டாருக்கோ, குவைத்துக்கோ, சவூதிக்கோ ஒருவர் போகிறார் என்றால் அவருடைய பெட்டியில் இன்னும் பத்து வீட்டுச் சாமான் சேர்ந்து போகும். மகனுக்கு மாசிச் சம்பல், மாப்பிள்ளைக்கு வறுத்த கருவாடு, அங்கே வேலைக்குப் போன மகளுக்கு அரிசிமா. அத்தனையையும் பெண்கள் ராத்தாவிடம்தான் கொண்டுவந்து போடுவார்கள். எண்ணெய் கசியாமல் மூன்று உறை போட்டுக் கட்டுவாள். கருவாட்டு மணம் வெளியே வராமல் பால்மா டின்னில் அடைத்து வாயை மெழுகால் மூடுவாள். மல்லித்தூளை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி நிரப்புவாள். தான் கட்டிய பெட்டியை எந்த விமான நிலையத்திலும் பிரித்ததில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை. பெருமை என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை.

எங்கள் உம்மா மௌத்தானபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாறு. எனக்குத் தலை வாரியது, குர்ஆன் மதரஸாவுக்கு இழுத்துக்கொண்டு போனது, நான் உயர்தரம் படிக்கும்போது விடியப்புறம் எழுப்பிவிட்டது எல்லாம் அவள்தான். அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. சுனாமி வந்த காலை அந்த வீடும் மச்சானும் ஒன்றாகப் போய்விட்டார்கள். பிள்ளை இல்லை. பிறகு எங்கள் வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறை போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். அந்த நாட்களில் எங்கெங்கோ இருந்து நிவாரணப் பெட்டிகள் வந்தன அல்லவா, அவற்றை அவசரப்பட்டுக் கிழிக்காமல் பிரித்துப் பார்த்துப் பார்த்துத்தான் பெட்டி கட்டுகிற வித்தையை அவள் படித்தாள். அதையும் அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள்.

அப்படிப்பட்ட ஆளின் சிறுநீரகத்துக்கு முப்பத்தொன்று புள்ளி. அன்றிலிருந்து அடுத்த ஞாயிறுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குச் சிறுநீரக நிபுணர் ஒருவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, உடனே காசு கட்டிச் சனல் பண்ணி, அவரைக் காட்ட முறை எடுத்தேன். நம்பர் பதினாலு. கிளினிக் டொக்டர், நிபுணரிடம் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று ராத்தாவின் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பழைய ரத்த, சிறுநீர் றிப்போட்டுகள் எல்லாம். மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் அளந்த பிறஷர். இப்போது குடிக்கிற குளிசைகள் உறையோடு. எத்தனை, எந்த நேரம், எவ்வளவு காலமாக என்ற பட்டியல். கடையில் வாங்கிய மருந்து, நாட்டு மருந்து ஏதும் குடித்தால் அதுவும்.

அது எனக்குப் பிடித்தமான வேலை. ஒரு பைல் வாங்கி, வருட வாரியாகத் துண்டு ஒட்டினேன். ராத்தா தன் றிப்போட்டுகளை வைத்திருந்த இடங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒன்று மெத்தைக்குக் கீழே, ஒன்று அரிசிப் பீப்பாவின் மூடிக்குள், 2019ஆம் ஆண்டினுடைய றிப்போட்டில் பார்சல் முகவரி எழுதியிருந்தாள். "எழுத்து மறையல்லதானே, பின்பக்கம்தானே எழுதின" என்றாள். நான் ஏசினேன். அவள் சிரித்தாள்.

பிறஷர் அளக்கிற மெசினை என் மகள் ஸம்றா ஒரு சிநேகிதியிடம் இரவல் வாங்கி வந்தாள். ஸம்றாவுக்குக் கலியாணம் முடிந்து எட்டு மாதம். எங்கள் பக்கத்து வளவிலேயே அவளுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாப்பிள்ளையோடு இருக்கிறாள். புதன்கிழமை காலையில் அவள்தான் பெரியம்மாவின் கையில் பட்டியைச் சுற்றினாள். மெசின் காட்டியது நூற்றெழுபத்தெட்டு. மாலையில் நூற்றெண்பத்திரண்டு.

"பெரியம்மா, ஒழுங்காக் குளிசை குடிக்கிற நீங்கதானே?"

"ஓம் மகள்."

"மறுகா ஏன் இப்பிடி ஏறுது?"

"மெசின் பழசாக்கும்."

கிளினிக் டொக்டரும் இதையேதான் கேட்டாராம். கொப்பியில் அவர் சிவப்பால் எழுதியிருந்தார், மருந்து எடுத்தும் பிறஷர் கட்டுப்படவில்லை என்று. இத்தனை காலம் கட்டுப்படாமல் ஓடிய பிறஷர்தான் சிறுநீரகத்தை அரித்திருக்கவேண்டும் என்றும் சொன்னாராம். ராத்தா அதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை அசர் தொழுதுவிட்டு, குளிசைப் பட்டியலை எழுதுவதற்காகக் கொப்பியும் பேனையுமாக அவளுடைய அறைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை யாரோ கட்டாருக்குப் போகிறாராம். என் கணவர் றம்ஸீனுக்கும் ஒரு பார்சல் போகிறது. நான்கு வருடமாக அவர் அங்கே ஒரு கம்பனியில் பெரிய பஸ் ஓட்டுகிறார். நிலம் முழுக்க டின்களும் உறைகளும் கிடக்க, ராத்தா நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"குளிசை எங்க?"

"அங்க பெட்டிக்கு மேல."

பிறஷர் குளிசையின் உறையை எடுத்தேன். உறைமேல் அவள் பெயரும் கிளினிக் இலக்கமும், காலை ஒன்று இரவு ஒன்று என்றும் இருந்தது. எட்டு நாளைக்கு முன் கொடுத்தது. ஒரு மாதத்துக்கு அறுபது. அப்படியென்றால் எட்டு நாளில் பதினாறு போய், நாற்பத்துநாலு மிச்சம் இருக்கவேண்டும். கட்டிலில் கொட்டி எண்ணினேன். இருபத்திரண்டுதான் இருந்தது.

திரும்பவும் எண்ணினேன். இருபத்திரண்டு. எட்டு நாளில் முப்பத்தெட்டுக் குளிசை போயிருக்கிறது. பிறஷர் இறங்கவில்லை என்று இவள் பயந்துபோய் நாலும் ஐந்துமாக விழுங்கியிருக்கிறாள், அதனால்தான் சிறுநீரகம் போயிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

"என்ன ராத்தா செஞ்சி வெச்சிரிக்கீங்க? ஒரு நாளைக்கு எத்தினை குடிக்கிற நீங்க? விசர் புடிச்சா? இதென்ன தொதல் துண்டா, நினைச்ச நினைச்ச நேரம் வாயில போட?"

அவள் ஒன்றும் சொல்லாமல் டின்னில் மல்லித்தூளை அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஏசும்போது திருப்பி ஏசாமல் இருக்கிற ஆளல்ல அவள். அந்த மௌனம்தான் என்னை இன்னும் உசுப்பிவிட்டது.

"சொல்லுங்க. கையில இருக்கிறத வெச்சிட்டுச் சொல்லுங்க."

டின்னைப் பிடுங்கினேன். "அது கட்டியாச்சி, தொடாதகா" என்று அவள் கையை நீட்டினாள். குரலில் ஒரு பதற்றம். ஐம்பத்தாறு வயதில் அவள் பதறி நான் கண்டது அதுதான் முதல் தடவை. நான் கோபக்காரி, கோபத்தில் செய்கிறதையும் யோசித்துச் செய்கிறவள் இல்லை. டின்னை அப்படியே நிலத்தில் கவிழ்த்தேன். தூள் குவிந்து விழுந்தது. அதற்குள் பொலித்தீனில் சுற்றி, டேப் ஒட்டி, சின்னதாக ஒரு பொட்டலம். பல்லால் கடித்துப் பிரித்தேன். அதே வெள்ளைக் குளிசைகள். எண்ணத் தேவையில்லை என்று தெரிந்தும் எண்ணினேன். முப்பது.

முப்பது இங்கே, இருபத்திரண்டு அங்கே. மிச்சம் எட்டு. எட்டு நாளைக்கு எட்டு. அவள் கூடக் குடிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றுதான் குடித்திருக்கிறாள்.

"இது ஆருக்கு?"

"உன்ட அவருக்கு."

நான் மல்லித்தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்டவேண்டும். கலியாணத்துக்கு முன் வீடு எழும்பவேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். ஸம்றாவின் வீடு ஆறு வருடமாக அத்திவாரத்தோடு கிடந்தது, பாசி பிடித்து, அதற்குள் பப்பாசி முளைத்து. அதனால்தான் என் கணவர் நாற்பத்தாறு வயதில் கட்டாருக்குக் கிளம்பினார். அப்போது மெடிக்கலுக்குப் போன இடத்தில் பிறஷர் மிக அதிகம், பஸ் ஓட்ட விடமுடியாது, இரண்டு கிழமையில் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அவர் சொன்னது வேறு: ஏஜென்சிக்காரன் திகதியைத் தள்ளிவைத்துவிட்டான். உண்மையை அவர் சொன்னது ராத்தாவிடம். கடிதத்தோடு நேரே அவளிடம் வந்து, இந்த அறையில்தான், கருவாட்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

"நீ கத்துவாயெண்டு பயம் அவருக்கு" என்றாள் ராத்தா. "பொம்புளப்புள்ளைக்கு ஊடு கட்டாத மனிசனெண்டு ஊர் சொல்லுமெண்டும் பயம். நான் எண்ட குளிசையக் குடுத்தன். ரெண்டு கிழமை, காலையும் இரவும். பாஸாயிட்டார்."

"அதுக்குப் பொறகு?"

"அங்க போய் டொக்டருக்கிட்டக் காட்டினாக் கம்பனிக்குத் தெரிஞ்சிரும், பஸ்ஸக் குடுக்க மாட்டாங்களாம். இங்க பாமஸில வாங்கினா அந்தப் பொடியன் நம்மட சொந்தம், உனக்கு வந்து சொல்லிருவான். அவருக்கு இந்தக் குளிசைதான் ஒத்து வந்த. நான் ஒண்டக் கொறைச்சா என்ன, எனக்கு ஒரு வருத்தமும் தெரியல்லயே."

"நாலு வருசமா?"

"ஊடு எழும்பிச்சிதானே புள்ள."

அவள் அதைச் சொன்ன விதத்தில் தியாகம் கியாகம் எதுவும் இல்லை. கறிக்கு உப்புப் போட்டேன் என்பதைப்போலச் சொன்னாள். யன்னலால் பார்த்தால் ஸம்றாவின் வீடு தெரியும். கிளிப்பச்சைப் பெயின்ற், நிறம் தெரிவுசெய்தவள் நான். அந்த வீடு எப்படி எழும்பியது என்று ஊரில் யார் கேட்டாலும், "எங்கட அவர் வெயிலுக்குள்ள பஸ் ஓட்டி உழைச்ச" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவளும் நான். என் ராத்தாவின் சிறுநீரகம் அறுபத்தொன்பது புள்ளியைத் தொலைத்துக்கொண்டிருந்தபோது நான் யன்னல் சீலைக்குத் துணி தேடியிருக்கிறேன்.

மஹ்ரிபுக்குப் பின் என் கணவருக்கு வீடியோ கோல் எடுத்தேன். சலாம் சொல்ல விடவில்லை.

"ராத்தாட கிட்னி பழுதாப் போச்சி. அவட குளிசையத்தான் நீங்க குடிச்சிருக்கிறீங்க."

அவர் முகம் அசையவில்லை. லைன் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு வாய் மட்டும் அசைந்தது.

"கிளினிக்கில கூடத் தாறாங்க, மிச்சம் கிடந்து வீணாப் போகுதெண்டுதானே மதினி சொன்ன. அவட பங்கெண்டு எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்காகத் தெரியாது பஸ்மிலா."

நான் நம்பினேன். நம்பியும் என் கோபம் இறங்கவில்லை. இருபத்திநாலு வருடக் குடும்பம், என்னிடம் சொல்லப் பயமாம். இனிக் குளிசை வராது, அங்கேயே ஒரு டொக்டரைப் பாருங்கள், பஸ்ஸும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த முப்பதையும் திரும்ப ராத்தாவின் உறைக்குள் போட்டேன். வெள்ளிக்கிழமை பார்சல் போனது, மல்லித்தூளுடன் மட்டும்.

வெள்ளி பின்னேரம் பட்டியலை எழுத மீண்டும் உட்கார்ந்தேன். ராத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காலைல ஒண்டு, இரவைக்கு ஒண்டெண்டு எழுது."

"பொய்யையா எழுதுற?"

"இனிக் குடிப்பன்தானே, அப்ப அது பொய்யா? குளிசைய வேற ஆளுக்குக் குடுத்ததெண்டு தெரிஞ்சாக் கிளினிக்கில கார்ட்ட வெட்டினா என்ன செய்யிற? றம்ஸீன் தம்பிட விசயம் வெளிய போனா? வருத்தக்காரன அனுப்பி ஊடு கட்டினாங்களெண்டு ஸம்றாட மாமி ஊட்டுல கதைக்க மாட்டாங்களா?"

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, என்றாலும் எழுதுகிறேன். அவள் சொன்னபடியே எழுதினேன். கோடு போட்டு, மருந்தின் பெயர், அளவு, நேரம், காலம் என்று நாலு நிரல் கீறி, அழகான எழுத்தில், காலை ஒன்று, இரவு ஒன்று. ஸம்றாவின் மாமி வீடு என்ற சொல் எனக்கும் வேலை செய்தது. அவருடைய பஸ்ஸும் வேலை செய்தது. வேண்டாம் என்று போனில் கத்தியவள் நானேதான்.

சனிக்கிழமை காலையில் ஸம்றா வந்து பிறஷர் அளந்தாள். நூற்றுத் தொண்ணூறு. வியாழன் இரவிலிருந்துதான் ராத்தா இரண்டு குளிசையும் குடிக்கத் தொடங்கியிருந்தாள், அது வேலை செய்ய நாள் எடுக்கும்போலும். அந்த எண்ணைக் குறிக்கப் பைலைத் திறந்தபோது என் பட்டியல் கண்ணில் பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாலு வருடம் முழு மருந்தும் குடித்தவள், பிறஷர் நூற்றுத் தொண்ணூறு. இதைப் பார்க்கிற டொக்டர் என்ன நினைப்பார்? இந்த மருந்து இவளுக்குப் போதாது என்று நினைத்து இரண்டு மடங்கு ஆக்குவார், புதிதாக இன்னும் இரண்டு சேர்ப்பார். என் அழகான எழுத்தை நம்பி, இருக்கிற முப்பத்தொன்றையும் அவர் கையாலேயே கெடுத்துவிடுவார். பிள்ளைகள் தரவைப் பிழையாகப் போட்டால் நான் முட்டை போடுகிறவள். அந்தத் தாளைக் கிழித்து அடுப்புக்குள் போட்டேன்.

ராத்தா பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டியல் திரும்ப எழுதி முடிகிறவரைக்கும் கதவு நிலையைப் பிடித்தபடியே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கே போய்விட்டோம். எங்களுக்கு முன்னால் பதின்மூன்று பேர். ராத்தா கறுப்பு அபாயாவை அயர்ன் பண்ணி உடுத்தி, பெருநாளுக்குப் போடுகிற செருப்பைப் போட்டு வந்திருந்தாள். பக்கத்தில் இருந்த சம்மாந்துறைப் பெண்ணுடன் கருவாடு அடைக்கிற விதம் பற்றிக் கதைத்தாள். எனக்குப் பைலைப் பிடித்த கை வியர்த்து, அட்டையில் விரல் அடையாளம் விழுந்துவிட்டது.

டொக்டர் துஷாந்தினிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை, கதையிலேயே தெரிந்தது. பைலை வாங்கி முதற்பக்கத்திலிருந்து பொறுமையாகப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் கொண்டுவருவதில்லை என்றார். வேறு நாளென்றால் எனக்குத் தலை கனத்திருக்கும். பிறகு பட்டியலுக்கு வந்தார். விரல் ஒரு வரியில் நின்றது.

"நாலு வருசமாக் காலையில மட்டும் ஒண்டு. இரவுக் குளிசை வேற ஆளுக்கு." வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆருக்கு?"

ராத்தா நிலத்தைப் பார்த்தாள்.

"எண்ட ஹஸ்பன்டுக்கு" என்றேன். முழுவதையும் சொன்னேன். கலியாணம், வீடு, பஸ், மல்லித்தூள் டின் எல்லாவற்றையும். டொக்டர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை.

"எழுதினது நல்லம். இது தெரியாட்டி நான் இன்டைக்கு மருந்தக் கூட்டியிருப்பன்." ராத்தாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, போனது திரும்பி வராது. இருக்கிறதக் கனகாலத்துக்குக் காப்பாத்தலாம். ஆனா எழுதித் தாறத முழுசாக் குடிக்கோணும். ஒண்டும் ஒருவருக்கும் குடுக்கக்கூடாது. விளங்குதா?"

"ஓம் டொக்டர்."

திரும்பி வராது என்ற சொல்லைக் கேட்டும் ராத்தாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டொக்டர் எழுதி முடித்து, வேறு ஏதும் கேட்க இருக்கிறதா என்றார். நான் எழுதிவைத்திருந்த பதினொரு கேள்விகளை எடுக்கப் பையைத் திறந்தேன். அதற்குள் ராத்தா வாய் திறந்தாள்.

"டொக்டர், அந்தத் தம்பியும் ஒரு நாளைக்கு ஒண்டுதான் குடிச்ச. நாலு வருசமா. எனக்கு வந்தது அவருக்கும் வந்திரிக்குமா?"

டொக்டர் பேனையை வைத்தார்.

"அவருக்கு ஆரும் ரத்தம் சோதிச்சதா?"

"இல்ல."

"இந்த நாலு வருசத்தில ஒருக்காக்கூட?"

"இல்ல டொக்டர்."

"இன்டைக்கே சோதிக்கச் சொல்லுங்க. வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். எனக்குச் சொல்லேலாது."

நான் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்க மறந்து அப்படியே இருந்தேன். வியாழக்கிழமையிலிருந்து எத்தனை தடவை எண்ணினேன், கூட்டினேன், கழித்தேன். எண்ணியதெல்லாம் ராத்தாவுடைய குளிசையை மட்டும். மற்ற முப்பதும் எங்கே போனதென்று கண்டுபிடித்ததோடு என் கணக்கு முடிந்துவிட்டது. அதை விழுங்கியவருக்கும் ஒரு நாளைக்கு ஒன்றுதானே கிடைத்தது, அவரும் பாதி மருந்தோடுதானே நாலு வருடம் அந்த வெயிலில் பஸ் ஓட்டியிருக்கிறார் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவருக்குக் கோபத்தைக் கொடுத்தேன், வேறு ஒன்றும் கொடுக்கவில்லை.

வெளியே வந்ததும் ராத்தா நடைபாதைக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். தன் சிறுநீரகத்துக்குச் சிந்தாத கண்ணீர் அப்போது வந்தது. சம்மாந்துறைப் பெண் எழுந்துவந்து முதுகைத் தடவினாள்.

"நான் நல்லது செய்யிறனெண்டுதானே நினைச்ச" என்றாள் ராத்தா. "நான் ரெண்டயும் அவருக்குக் குடுத்திருந்தா அவராவது நல்லா இருந்திருப்பார். இப்ப ரெண்டு பேருக்கும் போதாமப் போச்சி புள்ள."

நான் அவளை ஏசத்தான் வாயெடுத்தேன். பிறகு அவளுடைய தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஆட்கள் பார்க்கப் பார்க்க நானும் அழுதேன்.

மருந்துக் கவுண்டரில் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று உறைகள். கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை ஒவ்வொன்றாக விளக்கினாள், இது காலை, இது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, இது காலையும் இரவும். ராத்தா காலைச் சாப்பாடு சாப்பிட்டிருந்தாள், காலைக் குளிசை குடிக்கவில்லை; டொக்டர் என்ன சொல்லுவாரோ என்று வைத்திருந்தாளாம். உறையைப் பிரித்து ஒன்றை எடுத்தாள். என் தண்ணீர்ப் போத்தலை வாங்கி, பிஸ்மி சொல்லி விழுங்கினாள். பிறகு, நான் கேட்காமலே, வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் குடிச்சிட்டன். இப்ப அவருக்குக் கோல் எடு."